டோல்கேட் அண்ணாச்சியின் மின்னல் பலகை

நம் வீட்டு டிவிக்கு மேலே மாட்டியிருக்கிற பலகையை நீங்கள் ரெண்டு பேரும் நினைவு தெரிந்ததிலிருந்து பார்க்கிறீர்கள். ரெண்டு ஓரத்திலிருந்தும் கருகின கோடு, மரக்கிளை மாதிரி கிளைவிட்டு ஓடிவந்து, நடுவில் ஒரு சாண் இடம் விட்டு நின்றுபோயிருக்கும். பாப்பா சின்னவளாக இருந்தபோது அது கரையான் அரித்தது என்று நினைத்துக்கொண்டிருந்தாள். போன வாரம் தம்பி போனில் ஒரு வீடியோ பார்த்துவிட்டு, இதை நாமே செய்யலாம்ப்பா, பழைய மைக்ரோவேவ் ஓவன் ஒன்று கிடைத்தால் போதும் என்று சொன்னான். காயலான் கடையில் விசாரித்துவிட்டும் வந்திருக்கிறான். வேண்டாம் என்று ஒற்றை வார்த்தையில் சொன்னால் நீங்கள் கேட்கமாட்டீர்கள். அதனால் அந்தப் பலகையைச் செய்த ஆளைப் பற்றி எழுதிவைக்கிறேன். நான் பத்தாவதோடு நின்றவன். எழுத்து முன்னே பின்னே இருக்கும், பொறுத்துப் படியுங்கள்.

டோல்கேட்டில் நாங்கள் இருந்த சந்துக்கு எதிரே அவருடைய கடை. வெங்காயம், பூண்டு, கல்லுப்பு, எல்லாம் மூட்டைக் கணக்கில். திருச்செந்தூர்ப் பக்கத்து ஆள். அந்தத் தெருவில் அண்ணாச்சி கடை நாலைந்து இருந்ததால் இவரைக் கரண்ட் அண்ணாச்சி என்றால்தான் தெரியும். கடைக்குப் பின்னால் குடோன், மாடியில் வீடு. நான் அப்போதுதான் திருவொற்றியூர் கண்டெய்னர் யார்டில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டச் சேர்ந்திருந்தேன். ஷிஃப்ட் முடிந்து வந்தால் அவர் கடை வாசலில்தான் கிடப்பேன்.

காலையில் கடை திறந்ததும் மற்ற கடைக்காரர்கள் அழுகின வெங்காயத்தைப் பொறுக்கி, யார் கண்ணிலும் படாமல் பின்வாசல் வழியாக அனுப்புவார்கள். இவர் மூட்டையைத் தெருவில் கொட்டி, அழுகினதை வாசலிலேயே தனியாகக் குவித்து வைப்பார். இன்றைக்கு இவ்வளவு போச்சு என்று வருகிறவர் போகிறவர் எல்லாரும் பார்ப்பார்கள். அழுகலை உள்ளே வைத்தால் பக்கத்தில் இருப்பதும் போய்விடும், எடுத்து வெளியே போட்டால் தொல்லை விட்டது, இதில் என்ன வெட்கம் என்பார்.

தன் விஷயத்திலும் அப்படித்தான். அவருக்குக் கரண்ட் மேல் ஒரு கிறுக்கு. படிப்பும் கிடையாது, தொழிலும் அதில்லை. மத்தியானம் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, மற்றவர்கள் படுத்துத் தூங்குகிற நேரத்தில் இவர் குடோனில் எதையாவது பிரித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அதில் அடி வாங்குவார். வாங்கினால் சாயங்காலம் தராசில் பூண்டு நிறுத்துக்கொண்டே ஊருக்கெல்லாம் சொல்லிவிடுவார்.

கொசு பேட் கதையை நானே பலமுறை கேட்டிருக்கிறேன். பேட்டரியைக் கழற்றிவிட்டோம், இனி என்ன என்று உள்ளே கம்பியைத் தொட்டிருக்கிறார். அதில் ஒரு சின்னக் கண்டன்சர், பேட்டரி போன பிறகும் கரண்ட்டைப் பிடித்து வைத்துக்கொண்டு காத்திருந்திருக்கிறது. இவரைத் தூக்கிப் புளி மூட்டை மேல் போட்டது. "செத்துப்போச்சுன்னு நெனச்சேன் தம்பி. அது தூங்கிக்கிட்டுல்லா இருந்திருக்கு" என்று, யாரோ வேறொருவரின் முட்டாள்தனத்தைச் சொல்கிற மாதிரி சிரிப்பார்.

அடுத்து, மூடிப்போன ஒரு ஓட்டலின் நியான் போர்டிலிருந்து டிரான்ஸ்ஃபார்மரைக் கொண்டுவந்தார். ரெண்டு கம்பிக்கு நடுவே நீலமாக ஒரு பொறி நெளிந்து நெளிந்து மேலே ஏறும். பார்க்க அழகுதான், இல்லை என்று சொல்லமாட்டேன். ஒருநாள் மோதிரம் போட்ட விரலை அதற்குக் கொஞ்சம் கிட்டே கொண்டுபோயிருக்கிறார். தொடவில்லை. பொறி தானாகத் தாண்டி மோதிரத்துக்கு வந்து, விரலைச் சுற்றி வளையம் போட்ட மாதிரி சுட்டுவிட்டது. அன்று சாயங்காலம் வந்த ஒவ்வொருவருக்கும் அந்த விரலைக் காட்டினார். காய்கறி வாங்கிக்கொண்டு போகிற பெண்கள், ஆட்டோக்காரர்கள், மாதா கோயிலுக்குப் போகிறவர்கள் யாரையும் விடவில்லை. கிட்டே போவதே தொடுவது மாதிரிதான் என்று அப்போதுதான் நான் கற்றுக்கொண்டேன். அன்றோடு மோதிரத்தைக் கழற்றி உள்ளே வைத்துவிட்டார்.

ஊர் சிரித்தது. லூர்து என்று காசிமேட்டுக்காரர் ஒருவர் அவருக்கு தோஸ்து, மீன் பிடிக்கிறவர், தினமும் டீக்கு வருவார். "இன்னா நைனா, இன்னிக்கி எங்க சுட்டுச்சு?" என்று கேட்டுக்கொண்டேதான் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்காருவார். அண்ணாச்சிக்குக் கோபமே வராது. எதுவும் சுடாத நாளில், இன்றைக்குச் சரக்கு இல்லை என்று கையை விரிப்பார்.

அவரிடம் இன்னொரு பழக்கமும் இருந்தது. கடையில் எது கீழே விழுந்தாலும் தரைக்கு வரும் முன் பிடித்துவிடுவார். பேசிக்கொண்டே இருப்பார், முகம் நம் பக்கம் இருக்கும், அடுக்கிலிருந்து உப்புப் பாக்கெட் ஒன்று சரியும், கை மட்டும் தனியாகப் போய்ப் பிடித்து மேலே வைத்துவிடும். முப்பது வருஷம் கல்லாவில் நின்ற கை. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

அதற்குப் பிறகுதான் ஓவன் டிரான்ஸ்ஃபார்மர் வந்தது. தம்பி, நீ சொன்ன அதே சாமான்தான். அதை வைத்துப் பலகையில் கரண்ட்டை ஓடவிட்டால் மரம் கருகி, மின்னல் அடித்த மாதிரி கிளை கிளையாகக் கோலம் விழும். அவரும் போனில் பார்த்துத்தான் ஆரம்பித்தார். ஆனால் அதை வாங்கிவந்த அன்றே அவர் குரல் மாறிவிட்டது. நியான் போர்டு டிரான்ஸ்ஃபார்மர் அடித்துத் தள்ளிவிடும், இது பிடித்தால் விடாது என்றார். வீட்டு ஃப்யூஸோ ட்ரிப்பரோ இதில் காப்பாற்றும் என்று நம்பக்கூடாதாம். ஒரு ஆள் செத்துக்கொண்டிருப்பதும் ஒரு இஸ்திரிப் பெட்டி சூடாவதும் அதற்கு ஒன்றுதானாம். அப்படியானால் எதற்கு அண்ணாச்சி இந்தப் பேஜார் என்று கேட்டேன். அவர் அதில் செய்த முதல் பலகையைத் திருப்பிக் காட்டினார். மழைக்கு முன் கடல் மேல் மின்னல் வெட்டி அப்படியே நின்ற மாதிரி இருந்தது. எனக்கும் அதற்கு மேல் கேட்கத் தோன்றவில்லை. ஆசை என்பது அப்படித்தான் பிள்ளைகளே, உங்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை.

பயம் அவருக்கு நிறைய உண்டு. அண்ணி இல்லாமல் அதை ஓட்டவே மாட்டார். அண்ணி என்றால் அவர் சம்சாரம், நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம். குடோனின் அந்தக் கோடியில் சுவரில் மெயின் சுவிட்ச். அதற்குக் கீழே ஒரு எண்ணெய் டின்னைக் கவிழ்த்துப் போட்டு அண்ணி பூண்டு உரித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். இடையிடையே மூட்டை பிரிக்கவோ சுளகு எடுக்கவோ எழுந்து வருவார்கள். அந்த வேலையின் நடுவேயும் அவர்களுக்கு ஒரே கட்டளைதான்: எனக்கு என்ன ஆனாலும் என் பக்கம் வராதே, சுவிட்சுக்குப் போ.

இதை வாயால் சொல்லிவிட்டால் போதும் என்று அவர் விடவில்லை. ஒத்திகை வைத்தார். சாப்பிட்டுக்கொண்டே இருப்பார், திடீரென்று கையும் காலும் வெட்டி இழுக்கச் சாய்ந்து விழுவார். முதல் தடவை அண்ணி ரசம் கொட்ட ஓடிப்போய் அவரைப் பிடித்தார்கள். அவர் எழுந்து உட்கார்ந்து, "நீயும் செத்துட்ட. இப்ப பிள்ளைகளுக்கு யாரு?" என்றாராம். அண்ணி அன்று முழுக்க அழுதார்கள். இதையும் அவரேதான் கடையில் சொன்னார்.

பிறகு அண்ணிக்குப் பழகிப்போனது. ஒருநாள் நானே பார்த்தேன். மிளகாய் மூட்டையருகே அவர் தடால் என்று விழுந்து துடிக்கிறார். அண்ணி அவரைத் தாண்டி, திரும்பிக்கூடப் பார்க்காமல் போய், சுவிட்சை ஒரு தட்டுத் தட்டிவிட்டு, மறுபடி பூண்டை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்கள். எழுந்திருங்க, சட்டையெல்லாம் வத்தல் என்றார்கள்.

இன்னொரு விதி, ஈரத் தரையில் நிற்கக்கூடாது. மரப் பலகை மேல்தான் நிற்பார். இருந்த பலகை விரிசல் விட்டதும், லூர்து தானாகவே ஒரு பெரிய மணைப்பலகை செய்து கொண்டுவந்தார். அவர் அப்பாவின் கட்டுமரத்திலிருந்து அறுத்த கட்டை. ஃபைபர் படகு வந்த பிறகு கரையில் வருஷக்கணக்காகக் காய்ந்து கிடந்தது. சாம்பல் நிறம், கையில் எடுத்தால் பஞ்சு மாதிரி. அந்தப் பெரியவர் கடலுக்குப் போய்த் திரும்பாதவர். லூர்து அதை வேறு யாருக்கும் கொடுத்திருக்க மாட்டார். அண்ணாச்சிக்குச் சிரிப்பு வாய் கொள்ளவில்லை. வெயில் காலம் முழுக்க அதன் மேல் நின்றுதான் வேலை செய்தார், ஒன்றும் ஆகவில்லை.

ஐப்பசி மழை வந்தது. அவர் கடையில் உப்பு மூட்டைகள் வழக்கம்போலக் கசிய ஆரம்பித்தன. மழைக்காலத்தில் உப்பு காற்றிலிருந்தே தண்ணீர் குடிக்கும், பாத்திரத்தை மூடிவையுங்கள் என்று வாங்க வருகிறவர்களுக்கெல்லாம் அவர் சொல்லிக்கொண்டிருந்தார்.

அப்போது நாம் புது வீட்டுக்கு மாறுவதாக இருந்தது. பாப்பா பிறந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. அண்ணாச்சி நமக்காக ஒரு பலகை செய்து தருவதாகச் சொல்லியிருந்தார். நீளப் பலகை, ரெண்டு கோடியிலிருந்தும் கிளை ஓடிவந்து நடுவில் சேரவேண்டும். மத்தியானம் தூறிக்கொண்டிருந்தது, நான் பார்க்கப் போயிருந்தேன். கிளைகள் ரெண்டும் மெல்ல மெல்ல, சீறிக்கொண்டு, புகைந்துகொண்டு ஒன்றையொன்று நோக்கி வந்தன. அண்ணி மூட்டை வாயைக் கட்டிவிட்டு எங்கள் பக்கம்தான் நின்றிருந்தார்கள். அண்ணாச்சி ஒரு கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு லூர்தின் மணைமேல் நின்று என்னிடம் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். பலகையின் ஓரத்தில் மாட்டியிருந்த கரண்ட் கம்பியின் கிளிப் நழுவியது. விழுந்தது.

அவர் கை போய்ப் பிடித்துவிட்டது.

அவர் பிடிக்கவில்லை, கைதான் பிடித்தது. கையை எடுக்க அவரால் முடியவில்லை. வாயிலிருந்து சத்தமே வரவில்லை, அதுதான் இன்றும் என் காதில் இருக்கிறது. நான் ரெண்டு கையையும் நீட்டிக்கொண்டு பாய்ந்தேன்.

"தம்பி, தொடாத."

அண்ணி கத்தவில்லை. அடுப்பில் கைவைக்கப்போகிற குழந்தையிடம் சொல்கிற மாதிரி சொன்னார்கள். சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தார்கள். அவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, மூட்டைகளுக்கு நடுவே, அந்தக் கோடிக்கு. நான் கையை நீட்டியபடியே நின்றேன். மெயின் இறங்கியது. குடோன் இருட்டானது. அவர் வெங்காய மூட்டை மேல் சரிந்தார்.

மூச்சு இல்லை. அண்ணி ஓடிவந்து அவர் நெஞ்சில் ரெண்டு கையையும் வைத்து அமுக்கினார்கள், அதையும் அவரேதான் போனில் காட்டிச் சொல்லிக்கொடுத்திருந்தார். நான் ஆட்டோ பிடிக்க ஓடிப்போய்த் திரும்பி வரும்போது அவர் இருமிக்கொண்டிருந்தார்.

பெரியாஸ்பத்திரியில் பிழைக்கவைத்தார்கள். வலது கையில் ரெண்டு விரலை எடுக்கவேண்டியதாயிற்று. உள்ளங்காலில் கரண்ட் வெளியேறின இடத்தில் ஒரு ஓட்டை. அதைப் பார்த்துத்தான் அவருக்கே விளங்கியது. காய்ந்த மரத்தில் நிற்கிறவருக்கு அது கால் வழியாகப் போயிருக்கக்கூடாது.

அவர் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது தெருவில் வேறொன்று நடந்துகொண்டிருந்தது. கீரை விற்கிற அம்மா ஒருவர் அன்று பாதி ஷட்டருக்குக் கீழே குனிந்து பார்த்திருக்கிறார். "புருசன் துடிச்சிக்கினு கீறாரு, இந்தம்மா முதுக காட்டிக்கினு நடந்து போவுது" என்று அவர் சொன்னது டோல்கேட் முழுக்கப் பரவிவிட்டது. பொய் இல்லை, அவர் கண்ணால் பார்த்ததுதான். கடை யார் பெயரில் இருக்கிறது என்றுகூடச் சிலர் பேசினார்கள். நான் விளக்கிச் சொன்னேன். அண்ணாச்சி சம்சாரம் உன்னையும் தடுத்தார்களாமே என்று என்னிடமே திருப்பிக் கேட்டார்கள். ஊரிலிருந்து வந்த அண்ணாச்சியின் அக்கா, தம்பிக்குச் சோறு ஊட்ட அண்ணியை விடவில்லை. தானும் அண்ணி கையால் தண்ணீர்கூட வாங்கிக் குடிக்கவில்லை. ஒருநாள் அண்ணி என்னிடம், நீ பார்த்தாய்தானே தம்பி, நான் ஓடித்தானே போனேன் என்று கேட்டார்கள். அவர்கள் ஓடவில்லை. நடந்துதான் போனார்கள். மூட்டை தடுக்கி விழுந்தால் ரெண்டு உயிரும் போயிருக்கும். ஆமாம் அண்ணி, ஓடினீர்கள் என்று சொன்னேன்.

அண்ணாச்சி வீட்டுக்கு வந்து, கடை திறந்த முதல் நாள். கைக்கட்டோடு வாசலில் உட்கார்ந்து, வெங்காய மூட்டையைத் தெருவில் கொட்டச் சொன்னார். அழுகல் தனியாகக் குவிந்தது. வழக்கம்போலக் கூட்டமும் சேர்ந்தது. லூர்தும் இருந்தார், கீரைக்கார அம்மாவும் கூடையோடு நின்றார். அவருடைய அக்கா படியில் உட்கார்ந்திருந்தார். அண்ணி உள்ளே, தன் இடத்தில்.

நடந்ததையெல்லாம் சொன்னார். கிளிப் விழுந்தது, கை போனது, எல்லாம். பிறகு லூர்தைப் பார்த்து நிறுத்தினார்.

"ஒண்ணை மட்டும் நான் சொல்லாம வச்சிருந்தேன் வே. மழை தொடங்குனதுல இருந்து உம்ம பலகையில நின்னா கால்ல சுருக்குன்னுச்சு. ரெண்டு மூணு மட்டம். உம்ம அப்பா கட்டையாச்சே, சொன்னா மனசு சங்கடப்படுவீருன்னு விட்டுட்டேன். ஆயுசுக்கும் கடல்ல கிடந்த கட்டை, உள்ளுக்க பூரா உப்பு. உப்பு மூட்டை விக்கவன் எனக்குத் தெரியாண்டாமா?"

லூர்து தன் ஸ்டூலை அவர் பக்கத்தில் இழுத்துப் போட்டார். "போ நைனா. அத்த அப்பவே சொல்லிருந்தா அடுப்புல வச்சிருப்பேன்ல. நீ போய்ட்டன்னா நான் எங்க போய் டீ குடிக்கிறது" என்றார்.

சிரிப்பதா வேண்டாமா என்று எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தபோது அண்ணாச்சி நாற்காலியிலிருந்து சரிந்து தெருவில் விழுந்தார். கட்டுப்போட்ட கை வெட்டி இழுத்தது, கால் உதறியது. ஐயோ என்று கூட்டம் பாய்ந்தது. அவருடைய அக்கா படியிலிருந்து விழுந்தடித்து ஓடிவந்து அவரைக் கட்டிக்கொண்டார். லூர்து தோளைப் பிடித்தார். கீரைக்கார அம்மா கூடையைப் போட்டுவிட்டு அவர் காலைப் பிடித்தார். எல்லாம் தெரிந்த நானும் ஓடினேன், என்ன செய்வது, கால் ஓடிவிட்டது.

உள்ளே டக்கென்று சத்தம் கேட்டது. கடையில் விளக்கும் ஃபேனும் நின்றன.

அவர் உதறலை நிறுத்தினார். படுத்தபடியே எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். அக்கா, நீ போய்ட்ட. லூர்து போய்ட்டாரு. கீரைக்காரம்மா, நீங்களும் போயாச்சு. தம்பியும் போயிட்டான், அவனுக்குக் கைப்பிள்ளை இருக்கு. அப்புறம் இருட்டான கடைக்குள்ளே கையைக் காட்டினார்.

"அவ ஒருத்தி பாக்கி. அதனாலதான் நானும் பாக்கி."

அண்ணி மெயினை மறுபடி போட்டார்கள், ஃபேன் சுற்ற ஆரம்பித்தது. கீரைக்கார அம்மா சிதறின கீரைக்கட்டுகளைப் பொறுக்கி, அதில் ரெண்டை எடுத்து உள்ளே கொண்டுபோய் அண்ணி பக்கத்தில் வைத்துவிட்டு வந்தார். அவருடைய அக்கா திரும்பிப் போய் வெகுநேரம் படியில் உட்கார்ந்திருந்தார். பிறகு எழுந்து உள்ளே போய், கொஞ்சம் தண்ணி கொடு என்று அண்ணியிடம் கேட்டார்.

அதோடு அவர் அந்த வேலையை விட்டுவிட்டார். கரண்ட்டுக்கு எத்தனையோ விதி போட்டேன், விழுகிறதைப் பிடிக்கிற இந்தக் கைக்கு எந்த விதியைப் போட என்பார். ஓவன் டிரான்ஸ்ஃபார்மரை முழுசாகக் காயலான் கடையில் போடவில்லை. யாராவது வாங்கிக்கொண்டு போய்விடுவார்களே. லூர்தை வைத்துச் சுருளையெல்லாம் வெட்டித் துண்டு துண்டாக்கித்தான் போட்டார். பலகையை மட்டும் நான் கேட்டேன். முடியாத வேலையாச்சே தம்பி, அதை எதற்கு மாட்டுகிறாய் என்றார். எனக்கு அதுதான் வேண்டும் என்று வாங்கி வந்தேன். பிறகு ரோடு வேலைக்கு அந்தக் கடை வரிசை போனது. அவர்கள் மீஞ்சூரைத் தாண்டி எங்கோ போனதாகக் கேள்வி. பார்க்கவேண்டும், இன்னும் முடியவில்லை.

தம்பி, நீ காட்டின வீடியோவை நான் ராத்திரி தனியாக இன்னொரு தடவை பார்த்தேன். அந்த ஆளுக்குப் பின்னால் சுவிட்ச் பக்கத்தில் உட்கார்ந்து பூண்டு உரிக்கிறவர் யாரையும் காணோம். இருந்தாலும் அது போதாது. அண்ணாச்சிக்கு எல்லாம் இருந்தது, விரல் போனது, உயிர் மயிரிழையில் நின்றது. அந்த ஓவன் நம் வீட்டுக்குள் வரவேண்டாம். காயலான் கடைக்காரரிடம் நானே சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

பலகையின் நடுவில் கருகாமல் இருக்கிற அந்த ஒரு சாண் மரம், கிளிப் நழுவின நொடியில் கிளைகள் நின்றுபோன இடம். அண்ணி அன்று என்னைத் தடுத்துவிட்டுத் திரும்பி நடந்திருக்காவிட்டால் நான் இதை எழுதிக்கொண்டிருக்க மாட்டேன், தம்பி பிறந்தே இருக்கமாட்டான்.

நம் வீட்டு மெயின் எங்கே இருக்கிறது என்று உங்கள் ரெண்டு பேருக்கும் தெரியுமா? மாடிப்படிக்குக் கீழே, செருப்பு ஸ்டாண்டுக்குப் பின்னால். படித்து முடித்ததும் போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள். இனிமேல் என்றைக்காவது சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது நான் கரண்ட் அடித்த மாதிரி வெட்டிக்கொண்டு விழுவேன். யாரும் என்னிடம் ஓடிவரக்கூடாது.